நான் மூடாமல் விட்ட குழிகள்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, எனக்கு நிதானமாகப் பேச வராது. போர் வண்டியில் வேலை செய்கிறவன். ஆழ்துளைக் கிணறு போடும் அந்தச் சத்தத்தில் பதினான்கு வருடம் இருந்தவனுக்குக் கத்தத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் முந்நூறு அடியில் தண்ணீர் பார்த்தோம். இப்போது ஆயிரம் அடி போனாலும் புழுதிதான் பறக்கிறது. இன்னும் ஐம்பது வருடத்தில் மனுஷன் எதைக் குடிப்பான்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. செல்போனைத் திறந்தால் யுத்தம், வெயில், மனுஷன் வேலையைப் பிடுங்க வரும் இயந்திரம். பைத்தியம் பிடிக்காத குறை. முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை.

கல்யாணமாகி ஆறு வருடம். எங்களுக்குக் குழந்தை கிடைக்க நீங்கள் எல்லோரும் ஜெபித்தீர்கள். இன்று உண்மையைச் சொல்கிறேன். வேண்டாம் என்றவன் நான்தான். நாசமாகப் போகிற உலகத்துக்கு எதற்கு ஒரு பிள்ளை என்று என் மனைவி ரூத்தின் வாயை அடைத்துவிட்டேன். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது அவள் கேட்டாள்.

"ஏனுங்க, சபையே நமக்காக அழுகுது. நானும் ஆமென் சொல்லிப்போட்டு வாரேன். யாரைங்க நாம ஏமாத்தறது?"

வெட்கமாக இருந்தது. மூன்று நாள் உபவாசம் இருந்தேன். "வரப்போகிற காலத்தை நினைத்தே சாகிறேன் ஆண்டவரே. நான் எதற்காக இருக்கிறேன், சொல்லும்" என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் போர் போட்ட தோட்டத்துப் பெண். "அண்ணா, நீங்க போட்ட குழிக்குள்ள ஆட்டுக்குட்டி உழுந்துபோச்சுங்க."

அங்கே தண்ணீர் வரவில்லை. வராத குழியிலிருந்து பைப்பை உருவி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். வாயில் ஒரு சாக்கைப் போட்டு மேலே கல்லை வைப்போம். இரண்டு மழைக்குச் சாக்கு மக்கிவிடும், மண் சரிந்து வாய் அகலமாகும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் போவோம்.

நான் போனபோது குட்டி உள்ளே கத்திக்கொண்டிருந்தது. கயிறு விட்டோம், கொக்கி விட்டோம். எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் இடுப்பில் மூன்று வயது மகள், கீழே இறங்கத் துடித்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி போனாப் போகுதுங்ணா. காலைல இவளும் இங்கதானுங்க வெளையாடிட்டு இருந்தா" என்றாள் அந்தப் பெண்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். ஐம்பது வருடம் கழித்து வரப்போகும் மனுஷனுக்காக அழுதவன், இன்று நடக்கிற பிள்ளையின் காலடியில் குழியை விட்டுப் போயிருக்கிறேன். நான் கேட்டதற்கு ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார். அந்தப் புழுதியிலேயே மண்டியிட்டு அழுதேன்.

அன்றைக்கே அந்தக் குழியை மூடினேன். இப்போது தண்ணீர் வராத எந்தக் குழியையும் அப்படியே விடுவதில்லை. தோட்டக்காரர் சம்மதித்தால் ஜல்லியும் மணலும் போட்டு மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்படி செய்கிறேன். இல்லாவிட்டால் மூடிவிடுகிறேன். முதலாளி முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். ஞாயிறு மதியங்களில் பழைய குழிகளைத் தேடிப் போகிறேன். எங்கெங்கே விட்டேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

ரூத்துக்கு இது ஐந்தாம் மாதம். ஆண்டவருக்கே மகிமை. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் பயந்துகொண்டே செய்ய ஒரு வேலை கிடைத்திருக்கிறது. நாளைய உலகத்தை நினைத்துக் கலங்குகிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அந்தக் கலக்கத்தோடேயே அவரிடம் போங்கள். என் கைக்கு என்ன வேலை என்று கேளுங்கள். அவர் சொல்வார். அது இனிப்பாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் தோட்டத்திலோ பக்கத்திலோ மூடாத குழி இருந்தால், இப்போது வெளியே போகும்போது என்னிடம் சொல்லுங்கள். ஜல்லி வண்டியிலேயே இருக்கிறது. இன்றைக்கே வருகிறேன்.