வண்டி என்ன சொல்லுது?

அக்கா புருஷன் ஜப்பானில் பல வருஷம் இருந்துவிட்டு, நிரந்தரமாகப் படப்பைக்கே வந்துவிடுவதாகச் சொன்னபோது அக்கா சந்தோஷப்பட்டாள். கூடவே தன் மின்சாரக் காரும் வரும் என்றதும், செலவை நினைத்து முகம் மாறியது.

வரி கட்டாமல் கொண்டுவர ஊரில் ஆளுக்கொரு குறுக்கு வழி சொன்னார்கள். ஒரு புரோக்கர், "பார்ட் பார்ட்டா பிரிச்சு இறக்கிடலாம் மேடம், இங்க வந்து மாட்டிக்கலாம்" என்றார். நான் ஒரகடத்தில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர். எங்கள் இறக்குமதிப் பிரிவில் விசாரித்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"பிரிச்செல்லாம் கொண்டாந்தா பறிமுதல்தான் மாமா. வெளிநாட்டுல ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்துட்டு ஒரேயடியா திரும்புறவங்க, சொந்தக் காரைக் கொண்டுவரலாம். ஒரு வருஷமாவது உங்க பேர்ல இருந்திருக்கணும். மூணு வருஷத்துக்கு மேல பழசாகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கணும்."

"எல்லாமே சரியா கீதேம்மா!" என்று அவர் குதித்தது போனிலேயே கேட்டது. சுங்க வரி காரின் விலையையே தாண்டும் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னேன். அதை அக்காவிடம் சொல்லும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்தது.

பழைய கார் என்பதால் விதிப்படி மும்பைத் துறைமுகத்தில் இறங்கியது. வரி கட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, நம்மூர் விதிகளுக்கு ஒத்துப்போகிறதா என்று சோதனை முடித்துச் சான்றிதழும் வாங்கினோம். கடைசியாகப் பதிவுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அங்கே இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைச் சரிபார்த்துவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். கார் ஒரு பெண் குரலில், ரொம்பப் பணிவாக ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது.

"இன்னா சார், பேசுது?"

மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "உங்களுக்கு வணக்கம் சொல்லுது சார்."

இன்ஸ்பெக்டர் சட்டென்று நிமிர்ந்து, டேஷ்போர்டைப் பார்த்து, "வணக்கம்மா" என்றார். கார் உண்மையில் சொன்னது, 'சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை.' சிரிப்பை அடக்க நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு, இருமுவது போல நடித்தேன்.

மின்சார வண்டிக்கான பச்சை நம்பர் பிளேட் வந்தது. இங்குள்ள பொது சார்ஜர் எதுவும் அந்தக் காருக்குப் பொருந்தாததால், வீட்டு பிளக்கில்தான் ராத்திரி முழுக்க சார்ஜ். மாமாவுக்கு இதுவே வசதியாகப் போயிற்று. அக்கா மணிமங்கலம் கோயிலுக்குப் போகலாம் என்றால், காரை ஸ்டார்ட் செய்வார். அது பேசும். "பாரு, பேட்டரி பத்தாதுன்னு சொல்லுது" என்று அணைத்துவிட்டு, டிவி முன்னால் போய் உட்காருவார்.

மூன்றாவது முறையும் அப்படி நடந்தபோது, அது கேட்பது சுங்கச்சாவடி அட்டையை மட்டும்தான் என்ற உண்மையை நான் சமையலறையில் அக்காவிடம் போட்டு உடைத்தேன். அவள் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா முன் சீட்டில் ஏறினாள். நான் பின்னால். கார் வழக்கம்போலப் பேசியது. மாமா வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னிக்கு நான் சொல்றேன். 'ஐயா, ராத்திரி வூட்ல சோறு வேணும்னா ஒழுங்கா மணிமங்கலம் போங்க'ன்னு சொல்லுது."

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக, எதிரே போன கண்டெய்னர் லாரியை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் சொல்லுது" என்று முனகிவிட்டு வண்டியை எடுத்தார்.

கோயிலிலிருந்து திரும்பும்போது, அந்தக் குரலை நிறுத்த வழி இருக்கிறதா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். இருக்கிறது, ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் அது அக்கா காதில் விழுந்துவிட்டது, அவள் விடவில்லை. இப்போது அவள் அந்தக் காரிலேயே ஓட்டப் பழகுகிறாள். பக்கத்து சீட்டில் பிரேக்கே இல்லாத இடத்தில் மாமா காலை ஊன்றி மிதித்துக்கொண்டிருக்கிறார்.