எந்த பிரான்ஸ்?

செருப்பைக் கழற்றும்போதே தேவதாஸின் கண் பிளக் பாயின்ட்டைத் தேடும். இறந்தவர் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். வாடகை ஐஸ் பெட்டியைக் கூடத்தில் இறக்கி, ஒயரைச் செருகி, கண்ணாடி மூடியில் புறங்கையை வைத்துக் குளிர் ஏறுகிறதா என்று பார்ப்பார். பிறகு, அழாமல் நிற்கும் யாராவது ஒருவரை ஓரமாக அழைத்துக் கேட்பார்: "பையன் எந்த பிரான்ஸு?"

வீட்டுக்கு ஒரு பிள்ளை பிரான்ஸ் போன புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

"பிரான்ஸுதாண்ணே. நாளைக்கு வந்துருவான்."

"பிரெஞ்சுக் கொடி பறக்குற ஊரெல்லாத்தையும் பிரான்ஸுன்னுடறீங்க. பாரீஸா, ரெயூனியனா, கயானாவா?"

"கயானா."

"அப்ப நாளைக்கு ஆவாது. ராவெல்லாம் கடல்மேல பறந்து மொதல்ல பாரீஸு வரணும். அங்க வேற ஏர்போர்ட்டுக்கு ஓடணும். மறுபடி அம்மாந்தூரம் பறந்து மெட்ராஸ். அப்புறம் ரோடு. நாளான்னிக்கு சாயங்காலம்னு வெச்சிக்கோ. அதுவரைக்கும் மூடியத் தொறக்காத." போகும்போது முணுமுணுப்பார்: "வெள்ளக்காரன் ஊரு புடிக்க சொல்ல கிட்டகிட்ட புடிச்சிருக்கக் கூடாது?"

சாவு வீட்டிலும் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார். தேவதாஸ் சிரிக்கமாட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற ஒரு சொல்தாவின் மகளைக் கட்டிக்கொண்டு போன அவருடைய ஒரே மகன் மதிவாணனும் அந்தக் கயானாவில்தான் இருக்கிறான்.

மனைவி ராஜாம்பாளை, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மதிவாணன் போனில் கேட்டான்: "ஒருவாட்டிதாம்பா லீவு குடுப்பாங்க. இப்ப வரவா, பொறவு வரவா? நீயே சொல்லு." ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிறவர், "பாத்துச் சொல்றேன்" என்றார். இப்போதே வா என்றால் அவள் போகப்போகிறாள் என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும் என்று நாளைத் தள்ளினார். அவளிடம் மட்டும், கிளம்பிவிட்டான் என்று சொல்லிவைத்தார்.

"எங்க வந்துட்டிருக்கான்?"

"பாரீஸுல பிளேன் மாறுறான்."

"நேத்தும் பாரீஸுலதான இருந்தான்?"

அன்று மாலை அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை. அப்போதுதான் வாசலுக்குப் போய் நின்று மகனுக்குப் போன் போட்டார். "கெளம்புடா."

மறுநாள் மத்தியானம், மகன் இன்னும் பாரீஸ்கூட வந்து சேராத நேரம், கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு போன் வந்தது. ஐஸ் பெட்டி உடனே வேண்டுமாம்.

தேவதாஸ் சொன்னார்: "பெட்டி வெளிய போயிருக்குப்பா. வேற ஆளப் பாரு."

கட்டிலிலிருந்து ராஜாம்பாள் கண் திறக்காமலே கேட்டாள்: "மாடிப்படிக்குக் கீழதான இருக்குது?"

அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு, அவள் பாதத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.