மேசரோடு அக்கா நடந்த வழிகள்

அந்த நாயின் சங்கிலியை அக்கா முதன்முதலாகக் கையில் வாங்கிய காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மழை விட்டு, தேயிலைச் செடிகளின் மேல் வெயில் விழுந்திருந்தது. நாய் அவள் இடுப்பு உயரம். கன்றுக்குட்டி நிறம், தொங்கிய வாய், ஆளை நிறுத்துப் பார்க்கிற பார்வை. சீமைக்கு விடுப்பில் போன எஸ்டேட் துரை, தாம் திரும்பும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுப் போயிருந்தார். மேஜர் என்று பெயர். எங்கள் வாயில் அது மேசர் ஆகிவிட்டது. காலையும் மாலையும் நடக்க அழைத்துப் போகாவிட்டால் கதவைப் பிறாண்டி எடுத்துவிடும். எனக்குத் தொழிற்சாலையில் எழுத்து வேலை. கொழுந்து வந்து குவியும் நாட்களில் தலைநிமிர நேரமிருக்காது. இப்போது வேலையை விட்டு, மலையடிவாரத்துப் போடிக்கே வந்து, மாலைகளில் கண்மாய்க் கரையில் தனியாக நடக்கும்போதெல்லாம் அவர்கள் இருவரும்தான் எனக்கு முன்னால் போகிறார்கள்.

அக்கா போடியில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிள்ளை இறந்தே பிறந்ததில் கால்கள் வீங்கி, பேச்சும் குறைந்துபோய், கொஞ்ச நாள் தம்பியோடு இருக்கட்டும் என்று மலைக்கு அனுப்பியிருந்தார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பார்த்துவிட்டு, "மருந்து பாதி, நடை பாதிம்மா. படுத்தே கிடந்தா வீக்கம் வத்தாது" என்றார். ஆனால் எங்கள் தோட்டத்தில் பெண்கள் நடந்தால் முதுகில் கூடை இருக்கும், போகிற இடத்தில் கொழுந்து இருக்கும். காரியம் ஒன்றுமில்லாமல், நடப்பதற்காகவே ஒரு பெண் நடப்பதை யாரும் கண்டதில்லை. எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று வழியெல்லாம் கேட்பார்கள். மேசர் கூட இருந்தபோது அநேகமாக யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒருத்திக்கும் அக்கா பதில் வைத்திருந்தாள். "நான் எங்க நடக்கேன்? அதுதான் நடக்குது. நான் பின்னாடி போறேன்."

முதலில் தொழிற்சாலைக்குக் கீழே இருந்த மரப்பாலம் வரைதான் அவளால் போக முடிந்தது. அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்துவிடுவாள். நாய் அவள் பாதத்தின் மேல் தன் முழுப்பாரத்தையும் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். அடுத்து தைலமரத் தோப்பு. உதிர்ந்த இலைகள் மெத்தையாகக் கிடக்கும், அட்டைக்கடி இல்லை என்பதால் அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. மேசர் காட்டுக்கோழியைத் துரத்திக்கொண்டு ஓடி, ஒன்றும் அகப்படாமல் வெட்கப்பட்டுத் திரும்பும். அக்கா சிரித்த சத்தத்தை நான் திரும்பவும் கேட்டது அங்கேதான்.

மலைமுகட்டுக்குப் போக அவளுக்குக் கோடை வரை ஆயிற்று. தேயிலை முடிந்து புல் தொடங்கி, புல்லும் முடிகிற இடத்தில் தரையே அறுந்து விழுந்ததுபோல் இருக்கும். அடியில், வெகு தூரத்தில், தமிழ்நாட்டுச் சமவெளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். "அந்தா புகை தெரியுதே, அங்கிட்டுத்தான் நம்ம வீடு இருக்கும்" என்று கைகாட்டினாள். பிறகு நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "பொழச்சிருந்தா இந்நேரம் தவழ்ந்திருப்பான்" என்றாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, மேசரிடம் சொன்னாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அந்த வழியாகத்தான் கோவேறு கழுதைகளில் போடியிலிருந்து அரிசி வரும். ஒருநாள் கழுதைக்காரரை நிறுத்தி, "எங்க வீட்டுக்காரர்ட்ட, நான் நல்லாயிட்டேன்னு சொல்லிருங்கண்ணே" என்று அவளே சொல்லி அனுப்பினாள். சேதி கிடைத்ததும் மச்சான் ஏறி வந்துவிட்டார். நல்ல மனிதர். வரும்போதே அவர் கண் கலங்கியிருந்தது. அவளும் ஓடி ஓடிச் சமைத்தாள். ஆனால் மாலையில் நாயோடு முகட்டுக்குப் போனவள் மூடுபனி இறங்கும்வரை வரவில்லை. தேடிப் போனேன்.

"இங்க நின்னு தெனமும் அங்கிட்டுப் போகத்தான் ஏங்குனேன், தம்பி. இப்ப காலு நகர மாட்டேங்குது."

மேசரையும் கொண்டுபோக வழியில்லை. அது துரையின் நாய். மறுநாள் முகட்டில் சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். நாய் குரைக்கவில்லை, இழுக்கவுமில்லை. அவள் சேலை வளைவில் மறைந்தபோது அதன் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அவ்வளவுதான்.

துரை திரும்பி வந்து நாயை வாங்கிக்கொண்டார். சில வருடங்கள் கழித்து, ஒரு மழைக்காலத்தில் அது செத்துப்போனது. தைலமரத் தோப்பில் புதைத்தோம். அதைச் சொல்லிவிடுவது என்றுதான் அந்தப் பொங்கலுக்குப் போடிக்குப் போனேன். அக்கா இடுப்பில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்தபடி ஒரு பிள்ளையுமாக வாசலுக்கு வந்தாள்.

"மேசர் நல்லாருக்கானா?"

"நல்லாருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

"இப்ப எந்தப் பக்கம் நடக்கான்?"

சொன்னேன். சுளகில் அரிசியை வைத்துக்கொண்டு புடைக்காமல் கேட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு முறை ஊருக்கு இறங்குமுன்பும் அந்த வழிகளில் எல்லாம் தனியாக ஒருதரம் நடந்துவிட்டு வருவேன். பாலத்துக்குப் புதுப்பலகை போட்டிருப்பதை, தோப்பில் இடி விழுந்த மரத்தை, முகட்டில் குறிஞ்சி பூத்திருப்பதை மேசர் பார்த்ததாக அவளுக்குச் சொல்வேன். அத்தனை பெரிய நாய் அத்தனை காலம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒருமுறை அவள் மகள், "அந்த நாய்க்கு என்ன வயசு மாமா?" என்று கேட்டுவிட்டாள். "அவனுக்கு வயசாகாதுடி" என்றாள் அக்கா.

கடைசியாக நான் போனபோது அவள் கட்டிலில் இருந்தாள். உடம்பு முழுக்க நீர் கோத்திருந்தது. ஜன்னல் வழியாக மலை நீலமாகத் தெரிந்தது. என்னைக் கண்டதும், "கூட்டிட்டுப் போ" என்றாள். கட்டிலருகே உட்கார்ந்தபடியே பாலத்தைக் கடந்தேன். தோப்பைக் கடந்து, தேயிலைக்குள் புகுந்து, புல்வெளி ஏற்றத்தில் வளைவு வளைவாகச் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"மெதுவாப் போ, தம்பி. எனக்கு மூச்சு வாங்குது" என்றாள்.

அந்த வளைவிலேயே நின்று, அவள் வந்து சேரும்வரை காத்திருந்தேன்.