ரெண்டு பொடவ கட்டிக்கினு போன அன்னிக்கி

உனக்கு யாருடி சொன்னது? உன் வூட்ல ஒல கொதிக்குதா இல்லியான்னு பாக்க மாட்ட, அடுத்தவ எத்தினி பொடவ கட்டினான்னு கேக்க மட்டும் ஓடியாந்துடுவ. ஆமா, கட்டினேன். அடியில பச்ச நூல் பொடவ, மேல அரக்கு கலர் பட்டு. கேட்டுட்ட இல்ல, உக்காரு. நடுவுல எழுந்து போன, உன் கதையும் எனக்குத் தெரியும்.

என் தம்பி ஆம்பூர்ல ஷூ கம்பெனியில தோல் வெட்றவன். பங்குனி, சித்திர வந்தா கூத்துல பொம்பள வேஷம் கட்டுவான். அவன் துரோபதையா வந்து நின்னா, பொம்பளைங்க கைக்கொழந்தைய எடுத்தாந்து அவன் மடியில போட்டு துன்னூறு வாங்கிக்கினு போவாங்க. விடிஞ்சதும் மூஞ்சியக் கழுவிக்கினு கம்பெனி பஸ்ஸப் புடிச்சிடுவான். காதோரம் அரிதாரம் ஒட்டிக்கினு இருக்கும். பஸ்ல எவனாச்சும் சிரிச்சா இவனும் கூட சிரிப்பான். ஸ்கூலுன்னா மட்டும் அவனுக்கு ஆவாது. அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது இவன் நடையப் பாத்து, கொரலக் கேட்டு பசங்க கேலி பண்ணாங்க. வாத்தியாரும் சேந்து சிரிச்சாரு. அன்னிக்கிப் பையத் தூக்கிக்கினு வந்தவன்தான். கறிகடைக்குப் போனாக்கூட அந்த ஸ்கூல் கேட்டுப் பக்கம் போவாம சுத்திக்கினு போவான்.

அந்த ஸ்கூலே கூப்ட்டுச்சு. பெரிய டீச்சரம்மா வூட்டுக்கே வந்து, "கூத்தப் பத்தி பசங்களுக்குச் சொல்லுங்க, வேஷத்தோட வாங்க"ன்னாங்க. தம்பி அன்னிக்கி சோறே துன்னல. "அக்கா, மறுபடியும் சிரிச்சாங்கன்னா?"ன்னான். அம்பது தாண்டுன ஆம்பள கேக்கற கேள்வியா இது?

அதுக்குள்ள பெத்தவங்க சங்கத் தலைவரு மீட்டிங் போட்டாரு. "ஆம்பள பொடவ கட்டிக்கினு வந்து நின்னா பசங்க கெட்டுப்பூடும்"ன்னாரு. "வேட்டி கட்டினவனுங்களப் பாத்துக் கெட்டதுதான் ஜாஸ்தி தலைவரே"ன்னேன். எதிர் வூட்டு பாய் சம்சாரம் எழுந்து, "மயானக் கொள்ளையில ஆம்பளைங்கதான காளி வேஷம் கட்டிக்கினு வர்றாங்க? எங்க பசங்க வருசா வருசம் மாடியில நின்னு பாக்குதுங்க. யாரு கெட்டது?"ன்னாங்க. தலைவரு கொஞ்சம் எறங்கி வந்தாரு. வரட்டும், பேண்ட் சட்டையில வந்து பேசிட்டுப் போவட்டும், பொடவ மட்டும் கேட்டத் தாண்டக் கூடாது. அவ்ளோதான் முடிவு.

நானும் தம்பியும் ஸ்கூலுக்குப் போன அன்னிக்கி தலைவரே கேட்டுல நின்னு எங்க பையத் தொறந்து பாத்தாரு. தண்ணி பாட்டிலு, என் வெத்தலப் பொட்டி, வேற ஒண்ணும் இல்ல. என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, "இன்னா ஆயா, ஒடம்பு போட்டுட்ட?"ன்னாரு. "வயசாவுதுல்ல"ன்னேன்.

மேடையில தம்பி மைக்கப் புடிச்சிக்கினு நின்னான். மைக்கையே தடவிக்கினு இருந்தான். பின்னால ரெண்டு பசங்க இடுப்ப ஆட்டி நடந்து காமிச்சாங்க, கும்பலா ஒரே சிரிப்பு. தம்பி மூஞ்சி அஞ்சாங்கிளாஸ் மூஞ்சியாப் பூடுச்சு. எழுந்து மேடையேறினேன்.

"துச்சாதனன் வரத்துக்கு லேட்டாவுமாம், நானே உருவிக்கறேன்"னு சொல்லி மேல் பொடவைய இழுத்தேன். பசங்க ஓன்னு கத்துதுங்க. டீச்சரம்மா கண்ண மூடிக்கினாங்க. உள்ள பாத்தா இன்னொரு பொடவ! "இது கிருஷ்ணர் குடுத்தது"ன்னேன். கை தட்டுனதுல கூரத் தகரம் அதிர்ந்துச்சு.

பட்ட அவன் தோள்ல போட்டேன். பேண்ட் மேலயே சுத்திக் கொசுவம் வச்சான். கண்ணு பாக்காமயே கை மடிக்குது. தலைய நிமித்தினான். மைக்க ஓரமா வச்சிட்டு, "இத்தினி பெரியவங்க குந்தியிருக்கற சபையில நியாயம் கேக்க ஒருத்தருக்குமா வாயில்ல?"ன்னான். ஃபேன் ஓடறது கேக்குது. நடந்து காமிச்ச பசங்க வாயப் பொளந்துக்கினு குந்தினாங்க. தலைவரு வாசப்படியில நின்னு செருப்பப் பாத்துக்கினு இருந்தாரு.

முடிஞ்சதும் ஒரு பொண்ணு எழுந்து, "நீங்க ஆம்பளையா, பொம்பளையா?"ன்னுச்சு. அவன் சிரிச்சான். "கம்பெனியில தோலு வெட்டும்போது ஆம்பளம்மா. சபையில வந்து நின்னா துரோபத. இப்ப பசியில இருக்கறவன்"ன்னான். அப்பறம் பாரு, ஒவ்வொண்ணும் கையத் தூக்குது. "சார், அழறது நெசமா சார்? சார், முடி எப்டி நிக்கும் சார்? நானும் கத்துக்கலாமா சார்?" பொடவ கட்டிக்கினு நிக்கறான், சார் சார்னு மொய்க்குதுங்க. மணி அடிச்சும் உடல.

தலைவரு கேட்டுல என்ன மடக்கி, "ஏமாத்திட்டியே ஆயா"ன்னாரு. "நீ பையத்தான பாத்த"ன்னேன். மொறச்சாரு. ஆனா தம்பி வரும்போது வழி உட்டு நின்னாரு. தம்பி அந்த கேட்டுலயே, பட்டு கட்டுனது கட்டுனபடி, மெதுவா நடந்து வெளிய வந்தான்.

சாயங்காலம் தெருவே என் வாசல்ல நின்னுச்சு. "இன்னாமே, ஸ்கூல்ல பொடவைய அவுத்தியாமே? உன் தம்பி எங்க, வரச் சொல்லு"ன்னு ஒரே கூச்சல்.

"மெதுவாப் பேசுங்கடி"ன்னேன். "உள்ள சாரு தூங்கறாரு."