மனுவில் விட்டுப்போன ‘சீமை’

“ஏரிக்கரையில் மண்டியிருக்கும் கருவேல மரங்களை அடியோடு அகற்றி, நம் ஊர்ப் பறவைகளையும் செடிகொடிகளையும் காக்க வேண்டுகிறேன்.” வைகாசி மூன்றாம் தேதியிட்டுப் பஞ்சாயத்துக்கு நான் கொடுத்த மனு இது. நகல் என்னிடம் இருக்கிறது. தேதியை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். ஏரியின் சர்வே எண்ணும் சரி. ‘சீமை’ என்ற ஒரு சொல் மட்டும் இல்லை.

சீமைக்கருவேலம் வேறெதையும் முளைக்கவிடாத வந்தேறி. கருவேலம் நம் மரம். எங்கள் ஏரியில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுவது அதில்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான்கு புத்தகங்களில் படித்து அட்டவணை போட்டு வைத்திருந்த நான், காக்க வேண்டிய மரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுத்திருந்தேன்.

ஆனி பதினொன்று, காலை ஏழரை. ஜேசிபி சத்தம் கேட்டதும் வெற்றியைப் பதிவு செய்ய நோட்டோடு ஏரிக்குப் போனேன். இரண்டு மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன. மூன்றாவதில் கூடுகள். அதன்மேல் முதுகைச் சாய்த்து, எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் அக்கா நின்றிருந்தார். கோடையில் அவருடைய ஆடுகளுக்கு அந்த மரத்துக் காய்தான் தீனி.

“நவுருங்கக்கா. மனுவுல கருவேலம்னுதான் போட்டிருக்குது,” என்று டிரைவர் காகிதத்தை நீட்டினார்.

“எந்தப் புண்ணியவான் எழுதுனது?”

டிரைவர் என் பெயரை உரக்கப் படித்தார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க சார், அவ்ளோ பெரிய கண்ணாடி போட்டுக்கிட்டு இதையா எழுதுனீங்க? எது சீமை, எது நம்முதுன்னு எங்க ஆட்டுக்கே தெரியும்ங்க. அதுங்கிட்டயே மனு எழுதச் சொல்லியிருக்கலாம்.”

இது தப்பு, இந்த மரத்தைத் தொடாதீர்கள் என்று டிரைவரிடம் சொன்னேன்.

“வாயில சொன்னா நாந்தான் மாட்டுவேன் சார். எழுதிக் குடுங்க.”

ஜேசிபியின் படியில் காகிதத்தை வைத்து ‘சீமை’யைச் செருகிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா நகரவில்லை.

“இப்பவாச்சும் சரியாப் போட்டீங்களா? படிச்சுக் காட்டுங்க.”

இரண்டு முறை படித்துக் காட்டினேன். அதன் பிறகே மரத்தை விட்டு முதுகை எடுத்தார். வண்டி சீமைப் புதர் பக்கம் திரும்பியது.

நான் திருத்தத்தின் கீழ் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்து கிடந்த இரண்டையும் டிராக்டரில் ஏற்றிப் போய்விட்டார்கள். இரண்டும் சீமைதான் என்கிறார் டிரைவர். ஒன்று நம் மரம் என்கிறார் அக்கா. குழிகளையும் மூடியாயிற்று. ஆகவே என் நோட்டில் அந்த நாளின் பதிவு இப்படித்தான் இருக்கிறது: ‘வீழ்ந்தவை இரண்டு. எந்த வகை என்பது உறுதி செய்யப்படவில்லை.’