அம்பயரின் கை இறங்கும் வரை

1. விதி

கிரிக்கெட்டில் அம்பயர் ஒரு சைகை காட்டினால், பார்த்துவிட்டேன் என்று ஸ்கோரர் கை தூக்க வேண்டும். அதுவரை அம்பயர் தன் கையை இறக்கமாட்டார். ஸ்கோரர் வேலைக்கு வந்தால் முதல் நாளே சொல்லித் தருவது இதைத்தான். டிவியில் இதைக் காட்டமாட்டார்கள். ஸ்கோரர் என்று ஒரு ஜென்மம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

நான் பொதுப்பணித்துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு பெங்களூரில், தொம்மலூரில். இருபத்தாறு வருடம் சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு மைதானத்தில் ஷாமியானாவுக்குக் கீழே ஸ்கோர் புக்கோடு உட்கார்ந்திருந்தேன். ஹாட்ரிக் எழுதியிருக்கிறேன், இரட்டைச் சதம் எழுதியிருக்கிறேன். முடிவு என்ற கட்டத்தில் 'டை', அதாவது இரு அணிக்கும் சம ரன், என்று மட்டும் ஒருமுறைகூட எழுதியதில்லை. சர்வதேச ஆட்டத்தில் அதை எழுதிய ஸ்கோரர்கள் வெகு சிலர். அப்படி ஒன்று எனக்கும் வாய்க்காதா என்று நப்பாசை இருந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் நடந்ததில் அதற்கும் பங்குண்டு.

2. சத்தம் போடாத கூட்டம்

சில வருடங்களுக்கு முன் பார்வையற்றோர் கிரிக்கெட் ஆட வெளிநாட்டு அணி ஒன்று பெங்களூருக்கு வந்தது. ஸ்கோரர் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த ஆட்டத்துக்குப் பிளாஸ்டிக் பந்து. உள்ளே இரும்புக் குண்டுகள் இருக்கும். பவுலர் தரையோடு உருட்டிவிடுவார். ஜலஜலவென்று வரும் சத்தத்தை வைத்து பேட்ஸ்மேன் அடிக்க வேண்டும். அதனால் பந்து ஓடும்போது கூட்டம் மூச்சுக் காட்டக் கூடாது. பவுலர் "ரெடி?" என்பார், பேட்ஸ்மேன் "யெஸ்" என்பார், பவுலர் "ப்ளே" என்பார். பிறகு அந்த ஜலஜல மட்டும்தான். பந்து போகிற பக்கம் ஃபீல்டர்களின் காதுகள் ஒன்றாகத் திரும்பும். பட்டப்பகலில், நூற்றுக்கணக்கான பேர் நடுவில், எனக்கு முதல் ஓவரிலேயே முதுகு சில்லிட்டது.

இன்னொரு விதியும் உண்டு. பார்வை அறவே இல்லாதவர் பேட்டால் அடித்து எடுக்கும் ரன் இரட்டிப்பாகும். ஒரு ரன் ஓடினால் இரண்டு. பேட்டில் படாமல் ஓடும் பை ரன் மட்டும் ஒன்று ஒன்றுதான்.

நம் அணியில் முருகேஷ் என்ற பையன் அப்படிப் பார்வை அறவே இல்லாதவன். வீடு ஜீவனஹள்ளியில். ஒரு ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். இடைவேளையில் என் மேஜைப் பக்கம் வந்து நின்றான்.

"சார், டீயை ஆத்தாமலே குடிக்கிறீங்க. நாக்கு சுட்டுக்கப் போகுது."

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"உறிஞ்சிட்டு உஸ்ஸுன்னீங்களே. ரெண்டு பஸ் மாறித் தனியா வரேன் சார், ரோடு தனியா தாண்டறேன். காது இருக்கறப்போ வேற என்ன வேணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

3. கடைசிப் பந்து

கடைசிப் பந்தில் நம் அணிக்கு இரண்டு ரன் வேண்டும். ஒன்று எடுத்தால் டை. டையை முறிக்கும் சூப்பர் ஓவர் எல்லாம் அந்தத் தொடரில் கிடையாது. ஆடுவது முருகேஷ். அவன் பேட்டில் பந்து பட்டு, அவனுக்காக ஓடும் ரன்னர் ஒருமுறை ஓடிவிட்டால் போதும், ஜெயித்துவிடலாம்.

"ரெடி?"

"யெஸ்."

"ப்ளே."

பந்து ஜலஜலவென்று பாதி பிட்ச் வரை வந்தது. அங்கே சத்தம் நின்றுவிட்டது. பந்து நிற்கவில்லை, சத்தம்தான் நின்றது. வெள்ளைப் பந்து சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவதை என் கண்ணால் பார்த்தேன். ஏன் அப்படி ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிற்பாடு அதே பந்தை உருட்டிப் பார்த்தார்கள், ஒழுங்காகத்தான் ஒலித்தது.

அந்த மௌனத்தில் முருகேஷ் குனிந்து பேட்டை வீசினான். 'டிக்' என்று மெல்லிய ஒரு சத்தம். பந்து கீப்பரைத் தாண்டிப் போயிற்று. ரன்னர் ஓடி முடித்தான்.

அம்பயர் உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கினார். பை. பேட்டில் படவில்லை என்று அர்த்தம்.

என் கை மேஜையை விட்டு எழவில்லை. எனக்கு அந்த 'டிக்' கேட்டிருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு ஸ்கோரர் நாகராஜிடம், "பேட்ல பட்டுச்சே?" என்றேன்.

"எனக்கு ஏனும் கேக்கலை சார். பேக, சீக்கிரம், கை எத்துங்க, அம்பயர் பாத்துட்டே இருக்கார்," என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில்.

அம்பயர் தூக்கிய கையோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. ஆடியவர்கள் முகத்தை எல்லாப் பக்கமும் திருப்பி, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காத்து நின்றார்கள். செத்துப்போன இடம் மாதிரி இருந்தது. அம்பயர் காட்டியதை எழுதுவதுதான் ஸ்கோரர் வேலை. நான் கை தூக்கினேன். அவர் கை இறங்கியது. டை.

ஓரிரு நிமிஷத்தில் முருகேஷ் ரன்னரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"சார், பந்து பேட்ல பட்டுச்சா?"

"அம்பயர் காட்டினதை எழுதினேன்பா."

"அதைக் கேக்கலை சார். உங்க காதுல விழுந்துச்சா?"

எதிரே ஸ்கோர் புக்கில் 'டை' என்ற எழுத்து மை காயாமல் இருந்தது. இருபத்தாறு வருடம் காத்திருந்து எழுதியது. அதில் ஒரு அழுக்கு விழ எனக்கு மனமில்லை.

"இல்லை," என்றேன்.

அவன் ரன்னரின் தோளிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "அம்பயர் கையில கடா, அந்த இரும்புக் காப்பு, போட்டிருக்கார் சார். கை தூக்கறப்போ அது வாட்ச்ல இடிச்சுது. இறக்கறப்போ மறுபடி இடிச்சுது. நடுவுல பதினொண்ணு எண்ணினேன். எதுக்கு சார் அவ்வளவு நேரம்?" என்றான்.

அத்தனை தூரத்தில் ஒரு கடாவின் சத்தம். நான் பேனாவுக்கு மூடி போட்டேன். ரன்னர் அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

4. ஜீவனஹள்ளி

அதன் பிறகு எனக்கு ஒரு தொல்லை பிடித்தது. மத்தியானம் வீட்டில் தனியாக இருந்தால் ஜலஜலவென்று ஏதோ உருண்டு வரும். பாதியில் நிற்கும். அடுத்து வர வேண்டிய 'டிக்' வராது. அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பயமாகத்தான் இருந்தது.

நாலு மாதம் கழித்து, முருகேஷ் ஆடுவதையே விட்டுவிட்டான் என்று நாகராஜ் சொன்னார். அன்றைக்கே ஜீவனஹள்ளிக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

அவன் தலையைத் திருப்பி, "யாரும்மா வந்திருக்கா?" என்று உள்ளே கேட்டான்.

டீ உறிஞ்சும் சத்தத்தை வைத்தே என்னை எடைபோட்டவன். பெயரைச் சொன்னேன். அவன் அம்மா வெளியே வந்தார்கள். "இப்பல்லாம் இப்படித்தான் சார். ஆபீசுக்கு நான்தான் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வரேன். காது டாக்டர்கிட்ட காட்டினோம், ஒண்ணும் இல்லைன்னுட்டாரு," என்றார்கள்.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "முருகேஷ், அன்னிக்குப் பந்து பேட்ல பட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு. பொய் சொல்லிட்டேன்," என்றேன்.

அவன் அசையவில்லை. மனசுக்குள் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று தாண்டிவிட்டது.

"டைதான் சார், அது போகட்டும். அம்பயருக்குக் கேக்கலை, அவர் என்ன பண்ணுவார்? ஆனா நீங்க இல்லைன்னதும், எனக்கு இல்லாத சத்தம் கேக்குதுன்னு நெனச்சேன். அப்படின்னா வர்ற பஸ் சத்தம் நெஜமா பொய்யா? ரோட்டு ஓரத்துல நின்னா காலு வரலை சார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்கு அதுவும் கேட்டிருக்கும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கை தூக்குவது சைகையைப் பார்த்தேன் என்பதற்கு மட்டும், ஆமோதிப்பதற்கு அல்ல. நான் அன்று எழுதியது சரி. எழுதி முடித்தபின் ஒருவன் வந்து, உன் காதில் என்ன விழுந்தது என்று கேட்டால், புக்கை மூடிவைத்துவிட்டு விழுந்ததைச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது முருகேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரை வந்தான். அம்மா பின்னால் வர, வேண்டாம் என்று நிறுத்திவிட்டான். ஓரத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"லெஃப்ட்ல ஒரு ஆட்டோ, பின்னாடி பஸ். சரியா சார்?"

"சரிப்பா," என்றேன்.

இரண்டும் போகும் வரை நின்றான். பிறகு என் கையை விட்டுவிட்டுத் தனியாகத் தாண்டினான்.