கோர்ஃபக்கானில் எட்டுப் பேர் படகு

1999 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஆறரைக்கு, வளைகுடாவில் நாங்கள் குடியிருந்த சத்வாவிலிருந்து வேன் புறப்பட்டது. கோர்ஃபக்கான் கடற்கரை ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். மூன்று குடும்பங்கள், பெரியவர்கள் ஆறு, பிள்ளைகள் நான்கு. ஏற்பாடெல்லாம் துணிக்கடை காதர் பாய். நர்ஸான என்னை அவர் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மசாஃபி மலைகளைத் தாண்டிக் கடல் தெரிந்ததும் என் ஆறு வயது மகள் ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஒன்பது மணிக்குக் கரையில் வெள்ளைப் படகு நின்றது. எதிரிலுள்ள தீவுக்குப் போய்வர நூற்றைம்பது திர்ஹம். ஓட்டுபவர் ராமநாதபுரத்துச் செல்வம். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு தகடு. அதில் ஆள் படமும் எட்டு என்ற எண்ணும்.

“இது என்ன தம்பி?”

“இத்தாலிப் படகு, அக்கா. எவ்வளவு அலை தாங்கும், எத்தனை பேர் ஏறலாம்னு தகடு அடிச்சாத்தான் ஐரோப்பாவுல இப்ப படகு விக்க முடியும். புதுச் சட்டம். இதுல எட்டுப் பேரு.”

காதர் பாய் சிரித்தார். “ஐரோப்பாச் சட்டமெல்லாம் இங்க மாஃபி, கிடையாது. அப்படியே பார்த்தாலும் பெரியவங்க ஆறு, அரை டிக்கெட் நாலு. எட்டு சரியா வருதே. யல்லா, ஏறுங்க.”

“ஓட்டுறவரு நீந்தி வருவாரா பாய்?”

“பத்து நிமிஷம்தான் சிஸ்டர். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க.”

என் கணவர் முழங்கையால் இடித்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரில் மடியில் பிள்ளையோடு நெரிசல் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பஸ் மக்கர் செய்தால் இறங்கி நடக்கலாம். கடலில் எங்கே இறங்குவது?

செல்வத்திடம் லைஃப் ஜாக்கெட் கேட்டேன். எட்டே எட்டு இருந்தன. நான்கு பிள்ளைகளுக்கும் மாட்டி வாரை இறுக்கினேன். ஒன்றைச் செல்வத்திடம் கொடுத்தேன். மீதி மூன்றைக் காதர் பாய் கையில் வைத்தேன்.

“பெரியவங்க ஆறு பேர் இருக்கோம். யாருக்கு வேணாம்னு நீங்களே சொல்லுங்க.”

பாயின் மனைவி ஆமினா வந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். “நான் பிள்ளைங்களோட போறேன். நீங்க அடுத்த நடையில வாங்க.”

அப்படித்தான் போனோம். பாய் பிரியாணிச் சட்டிக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நடைக்கு இன்னொரு நூற்றைம்பது. திரும்பும்போது வேனில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு காதர் பாய் என்னை எந்தப் பிக்னிக்குக்கும் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளி காலை, கோர்ஃபக்கானிலிருந்து ஆமினா போன் செய்தார்.

“சிஸ்டர், இன்னிக்கு வேற படகு. எத்தனை பேருன்னு எங்க போட்டிருக்கும்?”

பின்னால் பாய் சத்தம் போடுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

“அவர் கத்தட்டும்” என்றேன். “நீங்க ஸ்டியரிங் பக்கத்துல பாருங்க.”